வெண்கலத்தட்டுப் பரிசோதனை

தட்டு விழுந்தது. சத்தம் வரவில்லை.

அது லேசுப்பட்ட தட்டில்லை. வெண்கலம். மேலகரத்தில் டாக்டர் தில்லைநாயகம் பிள்ளையின் வீட்டு மச்சில் அது விழுந்தால், புளியரைக் கணவாய்க்கு அப்பால் மலையாளத்துக்காரன் தூக்கம் கலைந்து எழுந்து உட்காருவான். தென்காசி மொட்டைக்கோபுரத்துப் புறாக்கள் வானத்தை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வந்து உட்காரும். ஆய்க்குடியில் கறவை மாடு காலை உதறிச் செம்பைக் கவிழ்க்கும். அப்பேர்ப்பட்ட தட்டு, கம்பவுண்டர் கடற்கரையின் கையிலிருந்து நழுவி, தேக்குப் பலகையில் விளிம்பு குத்தி, கிறுகிறுவென்று சுழன்று, மல்லாந்து படுத்ததை டாக்டர் கண்ணால் பார்த்தார். பார்த்ததோடு சரி. பஞ்சுமூட்டைமேல் பூ உதிர்ந்த மாதிரி இருந்தது.

ஆனால் தளத்தில் போட்ட சாக்பீஸ் வட்டத்துக்குள் நின்ற சிறுமி திடுக்கிட்டுத் திரும்பினாள். ஜன்னலில் இருந்த அணில்கூடப் பாய்ந்து ஓடியது.

டாக்டர் சுண்டுவிரலைக் காதுக்குள் விட்டுக் குடைந்தார்.

"ஏலே கடற்கரை, இன்னொருக்காப் போடு" என்றார். அவர் குரலே அடுத்த வீட்டுக் கிணற்றுக்குள்ளிருந்து யாரோ பேசுவதுபோல அவருக்குக் கேட்டது.

முப்பத்தெட்டாம் வருஷத்துப் பங்குனி அது. வெயில் ஓட்டின்மேல் உட்கார்ந்து உருகி வழிந்துகொண்டிருந்த பிற்பகல். தில்லைநாயகம் பிள்ளை எல்.எம்.பி. படித்தவர். காய்ச்சலுக்கும் கழிச்சலுக்கும் மருந்து கலக்கிச் சலித்துப்போய், ஓர் இங்கிலீஷ் புத்தகத்தில் பாதியை வாசித்து, மீதியைத் தாமே கற்பனை செய்து, அடங்காப் பிள்ளைகளைச் சோதித்து நோய் இன்னதென்று சொல்லும் நிபுணராகத் தம்மைத் தாமே நியமித்துக்கொண்டவர். தாம் கண்ணாடியைக் கழற்றித் துடைக்கும்போதே பாதிப் பிள்ளைகள் திருந்திவிடுவதாகச் சொல்லிக்கொள்வார். மீதிப் பாதி, அவர் அதைத் திரும்ப மாட்டும்போது திருந்தும்.

அவர் சாஸ்திரத்தில் நோய் மூன்றே மூன்று. சூடு, செல்லம், திமிர். சூட்டுக்கு விளக்கெண்ணெய். செல்லத்துக்குத் தாயிடமிருந்து பிரித்து வைத்தல். திமிருக்குக் குற்றாலம். சித்தம் கலங்கியவர்களைச் சீசனில் கூட்டிவந்து அருவிக்குத் தலை கொடுக்க வைப்பது அந்தப் பக்கத்து வழக்கம். டாக்டர் அந்த வழக்கத்துக்கு ஒரு கோட்டு மாட்டிவிட்டார். திமிர் பிடித்த பிள்ளை அருவிக்கடியில் பாறையைப் பார்த்து நிற்கவேண்டும். அவர் கூப்பிடும்வரை அசையக்கூடாது. கூப்பிட்ட மாத்திரத்தில் வந்துவிட்டால் குணம்.

மூன்றில் எது என்று பிரிப்பதற்குத்தான் தட்டு. கூப்பிட்டால் திரும்பாத பிள்ளைக்குப் பின்னால் தட்டைப் போடுவார்கள். பிள்ளை திரும்பாவிட்டால் காதில் கோளாறு, பெரிய ஆஸ்பத்திரிக்குப் போ. திரும்பினால் காது நல்ல காது. நல்ல காதை வைத்துக்கொண்டு கூப்பிட்ட குரலுக்குத் திரும்பவில்லை என்றால் அதற்குப் பெயர் என்ன? திமிர். பெற்றவர்கள் இந்தத் தர்க்கத்தைக் கேட்டு வாயைப் பிளப்பார்கள்.

இன்றைய பிள்ளை முத்துவடிவு. பதினோரு வயது. தென்காசியில் நிலபுலன் உள்ள சங்கரபாண்டியின் மகள். காலையில் வில்வண்டியை விட்டு இறங்கும்போதே சங்கரபாண்டி அழாத குறை.

"அண்ணாச்சி, இது பிள்ளையில்ல, சூறாவளி. வைக்கப்படப்புல தீய வச்சிட்டு, அதுல பனங்கெழங்கு சுட்டுத் திங்கா. ஏட்டி, என்னட்டி இதுன்னு ஓடுதேன், எனக்கும் ஒண்ணு நீட்டுதா!"

"நீரு என்ன செஞ்சீரு?"

சங்கரபாண்டி தலையைச் சொறிந்தார். "நல்லா வெந்திருந்துது அண்ணாச்சி."

"பனங்கெழங்கு தின்ன வாய்க்கும் சேத்துத்தான் வெளக்கெண்ண ஊத்தணும்" என்று சொல்லி அவரைக் கீழே உட்கார வைத்துவிட்டு டாக்டர் மாடியேறியிருந்தார். பரிசோதனையின்போது பெற்றவர்கள் கீழேதான். மேலே டாக்டர், பிள்ளை, கடற்கரை. எல்லாரும் வெறுங்காலோடு. செங்கோட்டை மலைத் தேக்கில் இழைத்த பலகைத் தளம். முகம் பார்த்துத் தலைசீவலாம். அதில் செருப்புப் பட டாக்டர் சம்மதிக்கமாட்டார்.

கடற்கரை மறுபடி தட்டைப் போட்டான். இந்தத் தடவை டாக்டர் அதைப் பார்க்கக்கூட இல்லை, சுவர்க்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதன் நாக்கு இடமும் வலமுமாகப் போய்வந்தது. டிக் இல்லை. டக்கும் இல்லை. கீழே சங்கரபாண்டி காலையிலிருந்து ஓயாமல் இருமிக்கொண்டிருந்தாரே, அந்த இருமல் எங்கே? ரோட்டில் செங்கோட்டைக்குப் போகும் பாரவண்டிகளின் அச்சுச் சத்தம் எங்கே? அறுத்த வயலின் வைக்கோல் மணமும், ஓட்டுச் சூட்டின் மணமும், தம் கோட்டில் ஊறிய பினாயில் மணமும் எப்போதும்போல் மூக்குக்கு வந்தன. காதுக்கு வரவேண்டியவை மட்டும் ஒவ்வொன்றாக, பந்தி முடிந்த வீட்டில் விருந்தாளிகள் கழன்றுகொள்வதுபோல, சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டிருந்தன.

எல்லாம் போன இடத்தில் ஒன்று மட்டும் மிஞ்சியது. முதலில் அதைத் தம் ரத்த ஓட்டம் என்று நினைத்தார். இல்லை. அது இடைவிடாமல், அடித்தொண்டையில் உறுமிக்கொண்டு, மேலிருந்து கீழே கொட்டிக்கொண்டிருந்தது. ஆனியிலும் ஆடியிலும் குற்றாலத்துக்கு அரை மைல் தூரத்திலேயே நெஞ்சுக்கூட்டில் வந்து இடிக்குமே, அது. பேரருவி.

டாக்டர் ஜன்னலுக்குப் போய் மலையைப் பார்த்தார். பங்குனியில் பேரருவி ஏது? பாறை காய்ந்து கிடந்தது. பல்லி நக்கினால் தீர்ந்துவிடும் அளவுக்கு ஓர் ஈரக்கோடு. ஆனால் காதுக்குள் ஆடி மாசம்.

திரும்பினார்.

முத்துவடிவு அவரைப் பார்க்கவில்லை. அவருடைய தோளுக்கு மேலாக, ஜன்னல் பக்கம், எதையோ கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். பார்த்தபடியே உள்ளங்கையால் காதை மூடினாள். பிறகு கையை எடுத்து, விரல்களை விரித்து, வெறுங்கையைக் காட்டினாள். யாரோ செய்து காட்டுவதைப் பார்த்துச் செய்யும் பிள்ளைபோல, சரியாக வந்ததா என்று நிமிர்ந்து பார்த்து, இன்னொரு தடவை செய்தாள்.

அந்தச் சைகையை டாக்டர் முன்பே பார்த்திருக்கிறார். போன ஆடியில். இதே வட்டத்தில்.

ஆய்க்குடியில் நாற்று நடும் பேச்சித்தாய் தன் மகள் சந்தனமாரியைக் கூட்டிவந்திருந்தாள். பத்து வயசுப் பிள்ளை. பள்ளிக்கூடத்தில் கூப்பிட்டால் திரும்புவதில்லை, பக்கத்துப் பிள்ளைகளைக் கடிக்கிறாள், காரணமில்லாமல் கத்துகிறாள். வாத்தியார் இனி அனுப்பாதே என்று சொல்லிவிட்டார். "சாமி, இவளுக்குக் காதுதான் கேக்கலையோன்னு எனக்குத் தோணுது" என்றாள் பேச்சித்தாய். "டாக்டர் நீயா, நானா?" என்றார் இவர். பிள்ளை காதை மூடி, கையை விரித்துக் காட்டினாள். நீ பேசினால் காதைப் பொத்திக்கொள்வேன் என்கிறாள் என்று டாக்டர் அர்த்தம் பண்ணினார். கடற்கரை தட்டைப் போட்டான். பிள்ளை சட்டென்று திரும்பினாள். டாக்டர் கைகொட்டிச் சிரித்தார். "பாத்தியா? ஒன் மகளுக்குப் பாம்புச் செவி! இது முத்தின திமிரு."

மறுநாள் குற்றாலம். நல்ல சாரல். பாறையைப் பார்த்து நிற்கும்படி சைகை காட்டினார்கள்; சந்தனமாரி நின்றாள். கண்ணை இறுக மூடிக்கொண்டு, தலையில் அருவியை வாங்கிக்கொண்டு நின்றாள். அப்போதுதான் அருவியின் ஓசை கனத்தது. தண்ணீர் செம்மண்ணாக மாறியது. இலையும் சுள்ளியும் விழுந்தன. "வெள்ளம்! வெள்ளம்!" என்று நாலா பக்கமும் கூப்பாடு. குளித்தவர்கள் ஈரத்துணியோடு சிதறி ஓடினார்கள். டாக்டரும் கரையிலிருந்து கூப்பிட்டார். பிள்ளை நின்ற இடத்திலேயே நின்றாள். வாழ்நாளில் அன்றைக்குத்தான் அவள் சொன்ன சொல் தட்டாமல் நின்றாள்.

கடற்கரை வேட்டியை மடித்துக்கொண்டு பாய்ந்தான். டாக்டர் அவன் மார்புக்குக் குறுக்கே கையை நீட்டித் தடுத்தார். தடுத்த கையாலேயே அவன் நெஞ்சை மெல்லத் தட்டிக்கொடுத்தார். "பொறுலே. நடிக்கா. தானா வருவா."

வரவில்லை. மலையே இறங்கி வந்தது.

உடல் கிடைத்த பிறகு பேச்சித்தாய் அழவில்லை. டாக்டரின் முகத்தை நேராகப் பார்த்துக் கேட்டாள்.

"கூப்பிட்டீயளா சாமி?"

"தொண்ட கிழியக் கூப்பிட்டேன். வரல. சொல் பேச்சுக் கேளாத பிள்ள. நான் என்ன செய்ய?"

"அப்பக் கேக்கல சாமி. இப்பக் கேக்கும். ஒருக்காக் கூப்பிட்டுப் பாருங்க. வருவா."

அதற்குப்பின் டாக்டர் அந்தப் பெயரை வாயால் சொன்னதேயில்லை. பயமா? சேச்சே! மறந்துபோயிற்று என்றுதான் தமக்குத் தாமே சொல்லிவைத்திருந்தார். சந்தனக்கட்டை வாங்கக்கூட ஆள் அனுப்பி, "அந்த வாசனக் கட்ட" என்று சொல்லியனுப்பும் அளவுக்கு நல்ல மறதி.

இப்போது டாக்டர் முத்துவடிவை வட்டத்தைவிட்டு விலகச் சொல்லிக் கையைக் காட்டினார். தாமே அதற்குள் போய் நின்றார். காதில் அழுக்கு, வேறொன்றும் இல்லை, சோதித்தால் தெரிந்துவிடும். கடற்கரைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, "எனக்குப் பின்னால போடு" என்றார். சொன்னதாக நினைத்தார். உதடு அசைந்தது தெரிந்தது. குரல் கிணற்றிலிருந்துகூட வரவில்லை.

காத்திருந்தார். அருவி உறுமியது.

உள்ளங்காலில் ஒரு குத்து.

பலகை அதிர்ந்து, அந்த அதிர்வு குதிகாலில் ஏறி, முழங்காலில் நடுங்கி, முதுகுத்தண்டில் ஓடியது. அவர் சட்டென்று திரும்பினார். தரையில் தட்டு சுழன்றுகொண்டிருந்தது. சத்தமில்லாமல்.

போன ஆடியில் சந்தனமாரி திரும்பிய அதே வேகத்தில் திரும்பியிருந்தார்.

தேக்குப் பலகை. வெறுங்கால். இத்தனை வருஷம். காது இருக்கிறவனுக்குக் காலைப் பற்றி என்ன கவலை? டாக்டருக்குப் புரிந்தது. கண்ணாடியைத் துடைக்காமலே, தெள்ளத் தெளிவாகப் புரிந்தது. பெரிய மனுஷனாக இருந்தால் அந்த இடத்தில் மண்டியிட்டு ஒரு வார்த்தை சொல்லியிருப்பான். இவர் எச்சிலை விழுங்கினார். அதோடு சேர்த்து அந்த வார்த்தையையும் விழுங்கினார்.

கடற்கரையின் உதடுகள் ஏதோ கேட்டன. "ஒண்ணுமில்லலே" என்று கையை வீசினார். எடுத்த வேலையை முடிப்போம். பிள்ளையைப் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும், அவ்வளவுதானே. ஜன்னலோரம் நின்ற முத்துவடிவின் முதுகைப் பார்த்து, மூச்சை இழுத்து, மச்சு அதிரக் கூப்பிட்டார்.

முத்துவடிவு திரும்பவில்லை. கடற்கரையின் முகம் சாம்பலாகிவிட்டது.

இன்னும் பலமாகக் கூப்பிட்டார்.

கடற்கரை பின்வாங்கிச் சுவரில் முட்டிக்கொண்டான். பிள்ளைகள் எழுதிப் பழகும் சிலேட்டை எடுத்து, கிறுக்கி, அவர் முகத்துக்கு நேரே பிடித்தான். "சந்தனமாரியை ஏன் கூப்பிடுதீய?"

டாக்டர் அதை வாசித்தார். மறுபடி வாசித்தார். தலையை ஆட்டினார். முத்துவடிவு என்றுதானே சொன்னார்! மு, த், து என்று உதட்டைக் குவித்துத்தானே சொன்னார்! தொண்டையைப் பிடித்துக்கொண்டு இன்னும் ஒரு முறை, மெதுவாக, எழுத்து எழுத்தாகச் சொல்லிப் பார்த்தார். சொல்லும்போதுதான் தெரிந்தது. உதடு குவியவில்லை. நாக்கு பல்லுக்குப் பின்னால் தொட்டு, வாய் அகலமாகத் திறந்து, எத்தனையோ மாதமாகச் சொல்லாத ஒரு பெயரைத் தானாகச் சொல்லிக்கொண்டிருந்தது.

முத்துவடிவு இப்போது திரும்பினாள். அவரைப் பார்த்தல்ல. மாடிப்படியைப் பார்த்து. எட்டிப் பார்த்து, பாவாடையை ஒதுக்கிக்கொண்டு, வருகிற ஒருத்திக்கு வழிவிடுவதுபோலச் சுவரோரம் ஒதுங்கி நின்றாள்.

டாக்டரின் உள்ளங்காலில் ஒரு காலடியின் அதிர்வு தட்டியது. லேசானது. படியின் அடியில்.

அடுத்தது.

அடுத்தது.

படியில் முதலில் தெரிந்தது சங்கரபாண்டியின் தலை. அப்பாடா என்று இருந்தது டாக்டருக்கு. இவர்தானா! கூப்பாடு கேட்டு ஓடி வந்தவர் மகளின் கையைப் பிடித்தார், டாக்டரின் முகத்தைப் பார்த்தார், பயந்த மாடுபோல வந்த வழியே திரும்பினார். தகப்பனும் மகளும் இறங்கிப் போனார்கள். போகும்போது முத்துவடிவு வட்டத்தைக் காட்டி, அதிலேயே நில் என்பதுபோல விரலை அசைத்துவிட்டுப் போனாள். வைத்தியர் யாரையாவது கூட்டிவருவதாகக் கையால் காட்டிவிட்டுக் கடற்கரையும் அவர்கள் பின்னால் ஓடினான்.

எல்லாரும் இறங்கிவிட்டார்கள். காலடி மட்டும் ஏறிக்கொண்டிருந்தது.

சின்னக் கால்கள். அவசரமில்லாத கால்கள். ஒவ்வொரு படியிலும் கொஞ்சம் நின்று, நீர் வடியவிட்டு, அடுத்த படிக்கு வரும் கால்கள். டாக்டர் படியைப் பார்த்தார். படி காலியாக இருந்தது. தேக்கில் மட்டும் ஈரத்தடம், ஒன்றன்பின் ஒன்றாக, கருத்துக்கொண்டே வந்தது. வாசனை வந்தது. வைக்கோல் இல்லை, பினாயில் இல்லை. பாசி. ஊறிய இலை. மலைச் செம்மண்.

வட்டத்துக்கு வெளியே ஒரு காலை வைத்தார். ஈரம் அவரை நோக்கி விறுவிறுவென்று ஓடிவந்தது. காலை உள்ளே இழுத்துக்கொண்டார். ஈரம் நின்றது.

அப்படியானால் அசையக்கூடாது. யாராவது கூப்பிடும்வரை.

வெயில் மேற்கு மலைக்குப் பின்னால் போனது. அறை மஞ்சளித்து, சிவந்து, மங்கியது. ஈரம் அவரைச் சுற்றி ஒரு வளையம் போட்டுவிட்டு, அவர் முதுகுக்குப் பின்னால் போய்விட்டது. டாக்டர் சுவரைப் பார்த்தபடி நின்றார். தளத்தில் கிடந்த தட்டை யாரோ எடுத்தார்கள். பலகை அதையும் சொன்னது. பலகை எல்லாவற்றையும் சொன்னது.

தட்டு விழுந்தது. உள்ளங்காலில் குத்தியது.

திரும்பக்கூடாது. திரும்பினால் காது நல்ல காது. நல்ல காது என்றால்.

தட்டு விழுந்தது.

கடிகாரத்தின் நாக்கைப் பார்த்தார். இடம். வலம்.

தட்டு விழுந்தது. இன்னும் பக்கத்தில்.

பல்லைக் கடித்தார். கண்ணை இறுக மூடினார். காதுக்குள் அருவி கனத்தது. அந்தக் கனம் அவருக்குத் தெரியும். எதற்கு முன்னால் அப்படிக் கனக்கும் என்றும் தெரியும்.

தட்டு அவர் குதிகாலில் விழுந்தது.

திரும்பிவிட்டார்.

ஒருவரும் இல்லை. தட்டு சுழன்று அடங்கியது. டாக்டருக்குச் சிரிப்புக்கூட வந்தது. அந்தச் சிரிப்பின்மேல் ஓர் இலை விழுந்தது. ஈர இலை. அப்புறம் ஒரு சுள்ளி. நிமிர்ந்து பார்த்தார். ஓட்டுக்கும் உத்தரத்துக்கும் இடையில் இருட்டாக இருந்தது. அந்த இருட்டிலிருந்து ஒரு சொட்டு அவர் நெற்றியில் விழுந்து, மூக்கு வழியாக இறங்கி, உதட்டுக்கு வந்தது. மண் ருசி. சிவப்பு.

பலகைகள் ஒன்றாக நடுங்கத் தொடங்கின.

ஓட நினைத்தார். கால்கள் வட்டத்துக்குள் நின்றன. சொன்ன சொல் தட்டாத கால்கள்.

"கடற்கரை!" என்று அலறினார். வாய் என்ன பெயரைச் சொல்லிற்றோ!

கடற்கரை வந்துவிட்டான். மாடிப்படியின் தலைப்பில், கையில் அரிக்கன் விளக்கோடு, மூச்சு வாங்க நின்றான். அவருக்கு மேலே எதையோ பார்த்தான். விளக்கைக் கீழே வைத்தான். வேட்டியை மடித்துக்கட்டினான். வாயை அகலத் திறந்து கூப்பிட்டான். டாக்டருக்கு அது தெரிந்தது. திரும்பத் திரும்ப, நரம்பு புடைக்கக் கூப்பிட்டான். கண்ணால் பார்க்க முடிந்தது. ஒன்றும் கேட்கவில்லை. அருவி. அருவி மட்டும்.

காதை உள்ளங்கையால் மூடினார். கையை எடுத்து, விரல்களை விரித்து, அவனுக்குக் காட்டினார்.

கடற்கரை பாய்ந்தான்.

பாய்ந்தவன் நின்றான்.

அவன் மார்புக்குக் குறுக்கே ஒரு சின்னக் கை. நீரில் ஊறி வெளுத்த கை. நகக்கண்ணெல்லாம் செம்மண்.

அந்தக் கை அவனைத் தள்ளவில்லை. நெஞ்சில் மெல்ல, பொறுமையாக, தட்டிக்கொடுத்துக்கொண்டிருந்தது.